மினிகாப்காரரின் மனைவி ஓடுகிறாள்

எங்கள் ஈழத்துச் சனத்தில் நாற்பதை எட்டிய ஒரு பெண் தெருவில் ஓடினால் அதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை. பஸ் போகப் பார்க்கிறது, அல்லது சீனி வருத்தம் வந்து டொக்டர் ஓடச் சொல்லிவிட்டார், அல்லது புருஷன் அடித்துவிட்டான். 2009ஆம் ஆண்டு முழுக்க நான் இவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் ஓடினேன். பஸ்ஸைத் தவறவிடவில்லை. சீனியும் இல்லை. என் கணவரோ கரப்பான்பூச்சியைக்கூடத் தானாக அடிக்காமல் என்னைக் கூப்பிடுகிற ஆள். இதையெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அவர் நோர்பரியில் மினிகாப், அதாவது போனில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார், ஓட்டினார். அதுதான் விஷயத்தை இன்னும் கெடுத்தது. அவருடைய கம்பனியில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். தெற்கு லண்டனின் எந்தச் சந்தியில் நான் வியர்த்து நின்றாலும் அவர்களில் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "அக்கா, ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்பார். "இல்லைத் தம்பி, நான் ஓடுறன்" என்றால், "ஓம், அதுதான் பாத்தனான். ஏறுங்கோ" என்பார். எங்கள் வழக்கத்தில் ஒருவர் வாகனத்தை நிறுத்தி ஏறச் சொன்னால் ஏறத்தான் வேண்டும். முதல் தரம் மறுப்பது மரியாதை. இரண்டாம் தரமும் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாம் தரமும் மறுத்தால் அது குடும்பச் சண்டை, கலியாண வீட்டில் முகம் பார்க்க மாட்டார்கள். அப்படி நான் சந்திக்கு ஒரு குடும்பத்தைப் பகைத்துக்கொண்டு ஓட, பின்னால் யாராவது கணவருக்குப் போன் போட்டிருப்பார்: "அண்ணை, அக்கா கொமன் வெளிப் பக்கம் ஓடுறா. வீட்டிலை ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?"

பின்னேரம் கணவர் வீட்டுக்கு வந்து கார்த் திறப்பை மேசையில் எறிவார்.

"மினிகாப் ஓட்டுறவன்ர மனிசி றோட்டு றோட்டா ஓடுறா எண்டு சனம் சிரிக்குது. சமையல்காரன்ர மனிசி கடைச் சாப்பாடு வாங்கித் திண்ட மாதிரிக் கிடக்கு."

"சமையல்காரன் ருசியாச் சமைச்சால் அவள் ஏன் கடைக்குப் போறாள்?" என்பேன். பிறகு அவருக்குச் சோறு போடுவேன்.

இது தொடங்கியது பெப்ரவரியில், பனி கொட்டி லண்டனின் பஸ்களெல்லாம் நின்றுபோன அந்த நாளில். கணவரின் கார் வாசலில் வெள்ளை மேடாகக் கிடந்தது. நான் வேலை செய்த மருந்துக் கடை நடக்கிற தூரம்தான் என்பதால் போனேன். கடையில் மருந்தாளர் மட்டும் இருந்தார். அவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சனி ஞாயிறுகளில் காடு மேடெல்லாம் சேற்றில் ஓடுவார். திங்கட்கிழமைகளில் முழங்காலில் சிராய்ப்போடு வந்து ஆட்களுக்கு மூட்டுவலி மருந்து கொடுப்பார். அவருக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்பதில் எனக்கு அதுவரை சந்தேகமே இருந்ததில்லை.

மத்தியானம்வரை ஒரு ஈ காக்கை வரவில்லை. அவர் கடையைப் பூட்டினார்.

"வாங்க, கொமனுக்குப் போய் ஓடிட்டு வரலாம். இந்த மாதிரி ஒரு நாள் இனி எப்ப வரும்?"

"எனக்கு ஓட ஏலாது."

"ஏலாதுன்னா? கால் இருக்குல்ல? வாங்க லா."

மிச்சம் என்கிற ஊரின் கொமன் என்பது வீடுகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் யாரும் ஒன்றும் கட்டாமல் விட்டுவைத்த பெரிய புல்வெளி. அன்றைக்கு அது ஒரு கோடுகூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. நான் சுரிதார்க் காற்சட்டையும் ரப்பர் பூட்ஸும் கணவரின் பழைய மழைக்கோட்டும் போட்டிருந்தேன். பத்தடி ஓடி விழுந்தேன். எழும்பி ஓடி மறுபடி விழுந்தேன். பிறகு விழாமல் கொஞ்சத் தூரம் போனேன், வாயில் இரும்பு ருசி வந்தது. நின்று திரும்பிப் பார்த்தபோது வெள்ளை வெளியில் என் பூட்ஸ் தடங்கள் நான் நிற்கிற இடம்வரை வந்திருந்தன. அன்றைக்கு என்னை ஏறச் சொல்வதற்கு லண்டனில் ஒரு வாகனமும் இல்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் சொல்ல முடியாத சந்தோஷம்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். பிறந்த ஊரிலிருந்து நோர்பரி வரைக்கும் ஒரு அடிகூட நான் என் இஷ்டத்துக்கு வந்ததில்லை. ரக்ரர் என்கிற உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார்கள். வள்ளத்தில் ஏற்றினார்கள். பிறகு விமானம். அதற்குப் பிறகு பெயர் தெரியாத நாடுகளில் பெயர் சொல்லாத, கள்ளமாக ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரர்கள் வான்களிலும் லொறிகளிலும் ஏற்றினார்கள். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்து எத்தனை எல்லைகளைக் கடந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தக்காளிக்குத்தான் தெரியும். ஏறு என்றால் ஏறவேண்டும். இறங்கு என்றால் இறங்கவேண்டும். மூச்சு விடாதே என்றால் அதையும் செய்யவேண்டும். ஜேர்மனியில் சில வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்ததும் ஒரு வானின் பின்பக்கத்தில்தான். வந்து சேர்ந்து கட்டியதோ வாகனத்தில் ஆட்களை ஏற்றிப் பிழைக்கிற ஒருவரை.

அதனால் எனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்துக்கு, ஓட்டப் போட்டி வைப்பவர்கள் காட்டுகிற தூரம் முழுக்க, என் காலாலேயே போய்ச் சேரவேண்டும். யாரும் ஏற்றக்கூடாது. மெடல் வேண்டாம், மெலியவும் வேண்டாம், வேறு ஒரு மண்ணும் வேண்டாம். இதை வாய்விட்டுச் சொன்னால் மினிகாப்காரரின் மனைவிக்கு விசர் பிடித்துவிட்டது என்பார்கள் என்பதால் சீனி வராமல் இருக்க ஓடுகிறேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்தேன்.

பங்குனி வந்து கொமனில் பனி போய்ச் சேறானது. சித்திரையில் சேறு போய்ப் புல்லானது, முள்ளுப் பற்றைகள் மஞ்சளாகப் பூத்தன, தலைக்கு மேல் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஒரு குருவி நிறுத்தாமல் கத்தியது. இதையெல்லாம் ரசித்தேன் என்று சொன்னால் பொய். அந்த மாதங்களில் என் தங்கச்சி புருஷனோடும் பிள்ளையோடும் வன்னியில், இலங்கை யுத்தத்தின் கடைசிச் சண்டைக்கு நடுவில் இருந்தாள். ஷெல் விழுகிற இடத்திலிருந்து ஷெல் விழப்போகிற இடத்துக்குச் சனம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் தெரியும். அவள் எங்கே என்று தெரியாது. நோர்பரியில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி எல்லாரோடும் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவேன். மற்ற நாட்களில் ஓடுவேன். அடிக்காத போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொமனில் நாய்ப்பீயில் சறுக்குவது மேல் என்று தோன்றியது.

கோடையின் தொடக்கத்தில் போன் அடித்தது. சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்த முகாமில் யாருடையதோ போனை இரவல் வாங்கித் தங்கச்சி பேசினாள். "உயிரோடை இருக்கிறம், மூண்டு பேரும்," என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் பேசவில்லை, அழுதுதான் அந்தப் போனில் இருந்த காசை முடித்தோம். அடுத்த முறை எடுத்தபோது என்னைப் பற்றிக் கேட்டாள்.

"நீ என்ன செய்யிறாய் அங்கை?"

எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. "ஓடுறன்," என்றேன்.

"ஆர் துரத்தினம்?"

"ஒருத்தரும் துரத்தேல்லையடி. சும்மா ஓடுறன்."

"சும்மாவோ?" என்று கேட்டவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "இஞ்சை கேளுங்கோ, என்ர அக்கா லண்டனிலை சும்மா ஓடுறாவாம்!" கூடாரத்துக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வருஷத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். அதற்குப் பிறகு போன் எடுக்கும்போதெல்லாம், வளர்க்கிற மாட்டைப் பற்றி விசாரிப்பதுபோல, "ஓட்டம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். வன்னியிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மருந்தாளர் என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு பார்திங் டவுன்ஸ் என்கிற குன்றுப் பக்கம் போகத் தொடங்கினார். லண்டன் முடிகிற இடத்தில் வீடுகள் சட்டென்று நின்றுபோய் இடுப்பளவு புல்லும் மாடுகளும் தொடங்கும். ஊரில் மாட்டைக் கண்டால் ஒதுங்கி நடக்கத் தெரிந்த எனக்கு, இந்த மாடுகள் பாதையின் நடுவில் படுத்திருந்து கவுன்சில் அதிகாரி மாதிரிப் பார்க்கும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதையோரம் முழுக்க, பட்டால் தடித்துச் சொறிகிற எங்கள் ஊர்க் காஞ்சோண்டிச் செடியின் வெள்ளைக்கார அண்ணன் வளர்ந்திருந்தது. சுரிதார்க் காற்சட்டைக்குள்ளாலும் கடித்தது. எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரும் வழிவிட்டு, வணக்கம் சொல்லி, வெயிலைப் பற்றி ஒரு வசனம் பேசி, அதற்கு மன்னிப்பும் கேட்டார். நோர்பரியில் பக்கத்து வீட்டுக்காரர் ஏழு வருஷமாக என்னிடம் வாய் திறந்ததில்லை. சனத்தைப் புல்லில் கொண்டுபோய் விட்டால்தான் பேசும்போலிருக்கிறது.

ஆவணியில், லண்டனுக்குத் தெற்கே இருக்கிற சரே பக்கத்துக் கிராமமொன்றில் குன்று ஓட்டம் ஒன்று வைத்தார்கள். கிராம மண்டபத்தில் புறப்பட்டு, குன்றுகளைச் சுற்றி, அதே மண்டபத்துக்கு வரவேண்டும். வழியில் மஞ்சள் அம்புக்குறிகள் குத்தியிருப்பார்கள். மண்டபத்துக்குள் மேசை மேசையாகக் கேக். வந்தவர்களில் பாதிப் பேர் கேக்குக்காகத்தான் வந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். மருந்தாளர் என் முதுகில் தட்டி, "மெதுவா வாங்க, அம்பைப் பார்த்து வாங்க," என்றுவிட்டு முயல் மாதிரி மறைந்துபோனார்.

நான் மெதுவாகத்தான் வந்தேன். அம்பைத்தான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பக்கமும் வேலி நெருக்கிய ஒரு கார்ப் பாதைக்கு நடுவில் முகமெல்லாம் சிவந்து, காலெல்லாம் காஞ்சோண்டித் தடிப்போடு தனியாக நின்றிருக்க மாட்டேன். அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு வெள்ளை வான் வந்தது. மீன்கார அண்ணை. பாரிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டு நோர்பரிக்கு வந்தவர். சனிக்கிழமைகளில் எங்கள் தெருவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சரேயின் சின்ன ஊர்களில் இருக்கிற தமிழ் வீடுகளிலும் மீன் விற்பார். எனக்கு எப்போதும் விளைமீன் தலையைச் சும்மா போட்டுத் தருகிறவர்.

"தங்கச்சி! உதென்ன கோலம்? கார் பழுதாப் போச்சோ? ஏறும்."

"இல்லை அண்ணை, இது ஒரு ஓட்டப் போட்டி. வழி மாறிப் போனன்."

"சரி சரி, பேந்து கதைப்பம். முதல்லை ஏறும்."

"ஏறக் கூடாது அண்ணை."

"பின்னாலை வெள்ளையன் கோர்ன் அடிக்கிறான், கெதியா ஏறும் பிள்ளை!"

அது மூன்றாம் தரம். பின்னால் உண்மையிலேயே மூன்று கார்கள் நின்றன. வேலிக்குள் ஒதுங்கலாமென்றால் அங்கேயும் காஞ்சோண்டி. விளைமீன் தலை ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. அடுத்த அம்புக்குறிவரை போய் இறங்கிவிடலாம் என்று நினைத்து ஏறிவிட்டேன். "எங்கை முடியுது உங்கட போட்டி?" என்று கேட்டார். நானும் முட்டாள்தனமாக மண்டபத்தின் பெயரைச் சொன்னேன். "அட, அங்கை ஒரு கலியாணத்துக்கு மீன் குடுத்தனான்!" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை. "அண்ணை, நிப்பாட்டுங்கோ" என்று நான் சொல்லச் சொல்ல, "உங்களை அந்தரிக்க விட்டிட்டுப் போனால் உங்கட மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று சொல்லிக்கொண்டே குறுக்கு வழியில் மிதித்தார். காலடியில் ஐஸ் உருகி என் சப்பாத்து நனைந்தது.

மண்டபத்து வாசலில் நான் வானிலிருந்து இறங்கியபோது பெண்களில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. புல்லில் இருந்த சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் என் இலக்கத்தைப் பார்த்து எழுதப் போனார். "எழுதாதேங்கோ, நான் மீன் வானில் வந்தனான்" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், நம்பினார். என் பெயருக்கு மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, பரவாயில்லை கேக் சாப்பிடலாம் என்றார். கொஞ்ச நேரத்தில் மருந்தாளர் சேறும் சகதியுமாக வந்து என்னைக் கண்டு வாயைப் பிளந்தார். "நீங்க எப்படி எனக்கு முன்னாடி?" கதையைச் சொன்னேன். புல்லில் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்களே என்றுதான் இருந்தது. கேக்கையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மீன்கார அண்ணை மட்டும் சந்தோஷமாக இருந்தார். அடுத்த சனிக்கிழமை தெருத் தெருவாக அறக்குளா மீனோடு சேர்த்து இந்தச் செய்தியையும் விற்றார். "வெள்ளைக்காரிகள் எல்லாரையும் விழுத்திப்போட்டு எங்கட பிள்ளை முதலாவதா வந்தவா! நான்தான் ஏத்திக்கொண்டு போய் விட்டனான்!" இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. கேட்டவர்களுக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. மருந்துக் கடைக்கு வந்து கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். கோயிலில் ஒரு அம்மா என் கணவரிடம், "வாகன வசதி செய்து குடுக்கிற நல்ல சனம் இருக்கேக்கை என்ன பயம்?" என்றாராம்.

கணவருக்கு அன்றோடு பொறுமை போய்விட்டது. இலையுதிர்காலம் தொடங்கிய கையோடு சவுத்தாலில் ஒரு பஞ்சாபிக்காரரிடமிருந்து பழைய ஓட்ட மெசின் ஒன்றை வாங்கி வந்து முன் அறையில் வைத்தார். "வீட்டுக்குள்ளை ஓடும். வெயில் இல்லை, மழை இல்லை, ஒருத்தரும் பாக்க மாட்டினம்," என்றார். ஒரு முறை ஏறி ஓடிப் பார்த்தேன். எவ்வளவு ஓடினாலும் எதிரே அதே சாமிப் படம்தான். மூன்றாம் நாள் அதில் அவருடைய சேட்டுகளைத் தோய்த்துக் காயப் போட்டேன். அவர் சேட்டுகளை மடித்து வைத்துவிட்டு மெசினைத் துடைத்தார். நான் மறுபடி காயப் போட்டேன்.

கடைசியில் ஒரு பந்தயம் கட்டினோம்.

"கார்த்திகையிலை அதே ஊரிலை இன்னொரு ஓட்டம் வைக்கினம். அதை ஆரின்ர வாகனத்திலையும் ஏறாமல் முடிச்சால், நீங்கள் இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது," என்றேன்.

"முடிக்காட்டி?"

"முடிக்காட்டிச் சாகும்வரைக்கும் உந்த மெசினிலையே ஓடுறன்."

கையைக் கொடுத்தார். நான் உடனே மீன்கார அண்ணையைக் கூப்பிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பக்கம் தலை காட்டினால் இனி சுப்பர்மார்க்கெட்டில் பெட்டியில் விற்கிற ஐஸ் மீன்தான் வாங்குவேன் என்று சொல்லிவைத்தேன். அவருக்கு அது பெரிய மனவருத்தம்.

புரட்டாதியில் புல் வைக்கோல் நிறமாகி வேலியெல்லாம் கறுப்பு நிறப் பழங்கள் தொங்கின. வாய் நிறையத் தின்றுகொண்டு ஓடினோம். ஐப்பசியில் வெள்ளைப் புகார் மூட்டமாக இறங்கி, முன்னால் ஓடுகிற மருந்தாளரின் மஞ்சள் தொப்பி மட்டும் தெரியும். கார்த்திகையில் மழை. வாரக்கணக்கில் மழை. அந்தக் குன்றுகளில் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த ஒரு வகை மண் இருக்கிறது. நனைந்தால் சப்பாத்தின் அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு அம்மியாகிவிடும்.

அன்றைக்கும் மழைதான். முதல் குன்றிலேயே நான் கடைசி. இரண்டாவது குன்றின் இறக்கத்தில் சறுக்கி விழுந்து கணுக்கால் பிரண்டுபோனது. மருந்தாளர் திரும்பி வந்து பார்த்தார். "நீங்கள் போங்கோ, நான் வாறன்," என்று விரட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் துணை ஒரு வயதான வெள்ளைக்காரர் மட்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்துவந்து அம்புக்குறிகளைப் பிடுங்கிப் பையில் போடுவது அவருடைய வேலை. நான் ஒவ்வொரு அம்பையும் கடக்கக் கடக்க அவர் அதைப் பிடுங்கினார். இருட்டினால் ஓடுகிறவர்களை வாகனத்தில் ஏற்றிவிடுவது அவர்களுடைய விதி. கார்த்திகை மாதத்து இங்கிலாந்தில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருட்டும். வாகனம் வரச் சொல்லட்டுமா என்று அவர் மிகவும் அன்பாகக் கேட்டார். வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த முறை அம்புக்குறிகளே காட்டிய அதே வேலி நெருக்கிய கார்ப் பாதைக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு கார் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. எங்கள் கார். கணவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளேயிருந்து ஹீற்றரின் சூடு முகத்தில் அடித்தது. மருந்தாளர்தான் போன் பண்ணியிருக்கிறார்.

"ஏறும்," என்றார்.

"மாட்டன்."

"காலைப் பாரும், பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போச்சு. ஏறும்."

"ஏறினால் பந்தயம் தோத்திடுவன்."

"பந்தயமும் மண்ணும். நான் தோத்தனான். எழுதித் தாறன். இனி வாயே திறக்க மாட்டன். தயவுசெய்து ஏறும்."

எனக்கு ஏறவேண்டும்போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் சூட்டுக்கு என் சொத்து முழுவதையும் எழுதிக் கொடுத்திருப்பேன். பந்தயமும் வென்றாகிவிட்டது. ஆனால் கால் ஏறவில்லை.

"பந்தயத்துக்காக இல்லையப்பா," என்றேன். "இவ்வளவு காலமும் எல்லாரும் ஏத்தி ஏத்தித்தானே கொண்டுவந்தவை. ஒருக்கால் நானாப் போறன்."

அவரும் லொறியில் வந்தவர்தான். மழையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். நான் நடந்தேன். பின்னால் பெரிய லைற்றைப் போட்டு முதல் கியரில் ஊர்ந்து வந்தார். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக நொண்டிக்கொண்டு போனது. பின்னால் வந்த வெள்ளைக்காரர் களைத்துப்போய்க் காரில் ஏறிக்கொண்டார். கணவர் பழக்க தோஷத்தில் எங்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவரும் மரியாதையாக, "உங்கள் மனைவியைத் தொடருங்கள்" என்றாராம். மிச்ச அம்புக்குறிகளையெல்லாம் கார்க் கண்ணாடியை இறக்கி எட்டிப் பிடுங்கிக்கொண்டே வந்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு கார்கள் சேர்ந்து, கோயில் தேர் போவதுபோல நாங்கள் ஊருக்குள் போனோம்.

மண்டபத்தில் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஈரத் துண்டோடு வந்து கைதட்டினார்கள். மருந்தாளர் ஒரு கேக் துண்டை யாரும் எடுக்காமல் கையால் பொத்தி வைத்துக்கொண்டு நின்றார். நான் கடைசி. ஆனால் புறப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது நான்தான், என் கால்தான். நடு மண்டபத்தில் நின்று கேக்கைத் தின்றுகொண்டே அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. வீட்டுக்குக் கணவர்தான் காரில் கூட்டிவந்தார். சேறு படாமல் சீற்றில் பேப்பர் விரித்துத்தான் உட்கார வைத்தார். சொன்ன சொல் மாறாமல் வழி முழுக்க வாயே திறக்கவில்லை.

சில நாட்களில் தங்கச்சி எடுத்தாள். முகாமிலிருந்து சனத்தை வெளியே விடத் தொடங்கியிருந்தார்கள், அவள் சொந்தக்காரர் வீடொன்றில் இருந்தாள். "ஓட்டம் எப்பிடி?" என்று அவள் கேட்கும்வரை நான் பொறுக்கவில்லை.

"முடிச்சிட்டன்!" என்றேன்.

"எத்தினையாவது?"

"கடைசி."

"கடைசியா வந்ததுக்கோ இந்தத் துள்ளல்?" என்று சிரித்தாள்.

"அதில்லையடி. மழை, இருட்டு, காலும் பிரண்டு போச்சு. அத்தான் காரைக் கொண்டுவந்து ஏறச் சொல்லிக் கெஞ்சினவர். நான் ஏறேல்லை. கடைசி மட்டும் என்ர காலாலைதான் போனனான்."

கெட்டிக்காரி என்பாள் என்று காத்திருந்தேன். லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"கார் வந்தும் ஏறேல்லையோ?" என்றாள்.

"ஓம்."

"நாங்கள் பிள்ளையைத் தோளிலை வைச்சுக்கொண்டு, வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் நடந்தனாங்கள். ஒரு லொறி வராதோ, ஒரு ரக்ரர் வராதோ எண்டு. ஒண்டும் வரேல்லை."

அந்த வழியைப் பற்றி அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. குரலில் கோபம் இல்லை. என் லொறிக் கதையும் தக்காளிப் பெட்டிக் கதையும் வாய்வரை வந்து நின்றன. வெட்கமாக இருந்தது.

"அடுத்த முறை ஏதும் வந்தால் எனக்காண்டி ஏறக்கா," என்றாள்.

ஓம் என்றேன்.